கிரேக்கத்தின் சிற்றூர் அருங்காட்சியகங்கள்: குமரி மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்காக ஒரு மதிப்புரை

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள பயண ஏற்பாட்டாளர்கள் கிரேக்க நாட்டுக்கு வகுத்துத் தருகிற திட்டத்தில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்று இருக்கும், சாண்டோரினித் தீவு இருக்கும், நாள் மிஞ்சினால் டெல்ஃபியும் இருக்கும். சிற்றூர்களில் அரசு நடத்தி வருகிற தொல்லியல் அருங்காட்சியகங்களுக்கு அதில் அநேகமாக இடம் இருப்பதில்லை. நானும் என் மனைவியும் அந்தத் திட்டத்தை ஒதுக்கிவிட்டு, ஏதென்ஸில் தங்கிக்கொண்டு, ஊர்ப் பேருந்துகளிலும் இரவல் காரிலும் போய் இந்தச் சிறிய அருங்காட்சியகங்களைப் பார்த்தோம். அவற்றுள் எவை நேரத்துக்கும் பணத்துக்கும் தகுதியானவை, எவற்றை விட்டுவிடலாம், நம் ஊரிலிருந்து போகிறவருக்கு எங்கே சிரமம் வரும் என்பதையெல்லாம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரேக்கர்களின் கலையைப் பார்க்க வேண்டுமானால் ஏதென்ஸின் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஈடு இல்லை. கிரேக்கர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்காக வேண்டிக்கொண்டார்கள், இறந்தவர்களை எப்படி அனுப்பிவைத்தார்கள் என்று அறிய வேண்டுமானால் சிற்றூர்களுக்குத்தான் போக வேண்டும். பொருள் கிடைத்த மண்ணுக்குப் பக்கத்திலேயே பொருள் இருக்கிறது என்பதுதான் காரணம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் மரத்தூண்களையும் கருந்தளத்தையும் அந்தக் கூரைக்குக் கீழேயே நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே தூணைப் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பெருநகரம் ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினால் தச்சனின் திறமை தெரியும், அரண்மனை தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது விராவ்ரோனா அருங்காட்சியகம். பழைய பெயர் பிரவ்ரோன். ஏதென்ஸுக்குக் கிழக்கே, விமான நிலையத்துக்கும் கடலுக்கும் அருகே, எராசினோஸ் என்னும் சிற்றாற்றின் ஈர நிலத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. இங்கே ஆர்டெமிஸ் என்னும் கன்னித் தெய்வத்தின் கோயில் இருந்தது. ஏதென்ஸ் குடும்பங்கள் தங்கள் பெண் குழந்தைகளை, ஏறக்குறைய ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை உள்ளவர்களை, இந்தக் கோயிலுக்குச் சேவை செய்ய அனுப்பிவைத்தன. அந்தச் சிறுமிகளைக் கரடிகள் என்றே அழைத்தார்கள். கோயிலில் பழகித் திரிந்த கரடி ஒன்று விளையாட்டில் ஒரு சிறுமியைப் பிறாண்டிவிட, அவளுடைய அண்ணன்மார் அதைக் கொன்றுவிட்டார்கள் என்றும், அதனால் ஊரில் கொள்ளைநோய் வர, தெய்வத்தைத் தணிப்பதற்காகச் சிறுமிகள் கரடியாக இருந்து நோன்பு நோற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது என்றும் கதை. நோன்பின்போது குங்குமப்பூ மஞ்சளில் தோய்த்த ஆடையை உடுத்தினார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் தம் நாடகம் ஒன்றில், ஏதென்ஸ் பெண்கள் தங்கள் இளமைக்காலப் பெருமைகளைச் சொல்லும் இடத்தில் பிரவ்ரோனில் கரடியாக இருந்ததையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுப் போனாலும், அங்கே வைத்திருக்கிற குழந்தைச் சிலைகளின் முன்னால் நிற்கும்போது படித்தது எல்லாம் பின்னால் போய்விடுகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பளிங்குச் சிலைகள் அவை. பெற்றோர் நேர்ந்துகொண்டு கோயிலில் வைத்தவை. ஒரு சிறுமி தன் ஆடையின் முன்மடிப்பைக் கையால் கூட்டிப் பிடித்து, அதற்குள் ஒரு முயல்குட்டியை வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி கையில் புறா. கிரேக்கச் சிற்பம் என்றால் நாம் எதிர்பார்க்கிற இறுகிய உடலும் அளந்து செதுக்கிய முகமும் இங்கே இல்லை. கன்னம் உப்பியிருக்கிறது, கழுத்தில் சதை மடிந்திருக்கிறது, கைவிரல்கள் குட்டையாக இருக்கின்றன. சிற்பி ஒரு குறிப்பிட்ட குழந்தையைக் கண்முன் வைத்துக்கொண்டு செதுக்கினான் என்றே எனக்குத் தோன்றியது. என் மனைவி அந்த முயல் சிலையை விட்டு நகரவே இல்லை. காவலுக்கு இருந்த பெண்மணி புரிந்துகொண்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

சிலைகளுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை சின்னஞ்சிறு மண்பாண்டங்கள். சிறுமிகள் ஓடுவதும் ஆடுவதும் அவற்றின்மேல் தீட்டப்பட்டிருக்கின்றன. கோயிலின் புனிதச் சுனையில் பெண்கள் போட்ட கைக்கண்ணாடிகள், மோதிரங்கள் முதலிய காணிக்கைகளும் இருக்கின்றன. சேறு மூடிக் காற்றுப் புகாமல் கிடந்ததால் மரப்பொருள்கள்கூட மக்காமல் கிடைத்திருக்கின்றன. கிரேக்க நாட்டில் மரம் இப்படிப் பிழைத்துக் கிடைப்பது அரிது. ஆறு பெருக்கெடுத்து வண்டல் படிந்து கோயிலையே மூடியது அந்தக் காலத்தவர்களுக்குக் கேடாக முடிந்தாலும், இயோன்னிஸ் பாபாதிமித்ரியூ என்னும் ஆய்வாளர் 1948இல் அகழத் தொடங்கியபோது அந்த வண்டலே எல்லாவற்றையும் காத்து வைத்திருந்தது. பிரசவத்தில் இறந்துபோன பெண்களின் ஆடைகளை இந்தக் கோயிலில், ஆர்டெமிஸின் பூசாரியாகக் கதைகளில் வருகிற இஃபிகேனியாவின் பெயரால் படைத்தார்கள் என்று பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் சொல்லியிருக்கிறார். சிறுமியாக நோன்பிருக்க வந்த இடத்துக்கே ஒரு பெண்ணின் கடைசி ஆடையும் வந்து சேர்ந்தது.

குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் இங்கே நின்றால் பகவதி அம்மன் நினைவு வராமல் இராது. சுசீந்திரத்து இறைவனுக்காகக் காத்திருந்து, விடியும் முன்பே சேவல் கூவிவிட்டதால் திருமணம் நடக்காமற்போய், ஆக்காத அரிசியெல்லாம் கடற்கரை மணலாகக் கிடக்கிறது என்று நம் பாட்டிமார் சொன்ன கதையோடு வளர்ந்தவர்கள் நாம். நம் குமரித் தெய்வத்தைப் பற்றி எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய செய்திகளுள் ஒன்று கிரேக்க மொழியில்தான் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கடல்வழி வணிகம் செய்த, பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் குறிப்பில், குமரி முனைக்கு ஆண்களும் பெண்களும் வந்து நீராடித் துறவு வாழ்க்கை மேற்கொள்கிறார்கள் என்றும், ஒரு தெய்வம் ஒருகாலத்தில் அங்கே தங்கி நீராடியதாகச் சொல்லப்படுகிறது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஆர்டெமிஸை அறிந்து வளர்ந்த ஒரு சமூகத்தின் மனிதருக்கு நம் கடற்கரைக் கன்னித் தெய்வம் விளங்காத புதிராக இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன். இரண்டு வழிபாடுகளுக்கும் இடையே தொடர்பு உண்டு என்று வாதிட எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, அதை நான் சொல்லவும் இல்லை. ஆனால் பார்க்கிறவரின் மனத்தில் இரண்டும் பக்கத்தில் வந்து நிற்பதைத் தடுக்க முடியாது.

ஒரு குறையும் உண்டு. இந்த வட்டாரத்தில், மெரெண்டாவில் 1972இல் கிடைத்த ஃபிராசிக்லேயா என்னும் பெண்ணின் சிலை ஏதென்ஸுக்குப் போய்விட்டது. மணமாகாமலே இறந்த அவளுடைய கல்லறை மேல் நின்ற சிலை அது. திருமணத்துக்குப் பதிலாகக் கன்னி என்னும் பெயரையே தெய்வங்கள் தனக்கு அளித்தன என்று அவளே சொல்வதுபோல் அதன் பீடத்தில் பொறித்திருக்கிறது. அந்தச் சிலை விராவ்ரோனாவில் இந்தச் சிறுமிகளுக்கு நடுவே நின்றிருந்தால் எவ்வளவு பொருந்தியிருக்கும்! மெரெண்டா இடுகாட்டில் கிடைத்த மற்றப் பொருள்கள் இங்கே இருப்பதால் அந்த வெற்றிடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏதென்ஸில் அதைப் பார்த்த பிறகு இங்கே வருவது நல்லது.

அடுத்து, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ். நம் கடலோர ஊர்களிலிருந்து சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் துறைமுகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல் பக்கத்து அண்ணன் ஒருவரிடம் நான் இந்த அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னபோது, "எத்தனையோ தடவை பிரேயஸில் இறங்கியிருக்கேன், இப்படி ஒண்ணு பக்கத்திலேயே இருக்குன்னு யாரும் சொல்லலையே" என்று வருத்தப்பட்டார். துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கப்பல் கரையில் நிற்கிற ஒரு பிற்பகல் இதற்குப் போதும்.

1959இல் பிரேயஸ் தெரு ஒன்றில் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்களின் கருவியில் ஒரு வெண்கலக் கை தட்டுப்பட்டது. தொடர்ந்து தோண்டியபோது அப்போலோ, அதீனா, ஆர்டெமிஸ் எனத் தெய்வங்களின், ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் உள்ள வெண்கலச் சிலைகள் ஒரே இடத்தில் கிடைத்தன. கி.மு. 86இல் ரோமானியத் தளபதி சுல்லா இந்தத் துறைமுகத்தைக் கொளுத்தியபோது கிடங்கில் இருந்தவை மண்ணுக்குள் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். படையெடுப்புக் காலங்களில் மண்ணுக்குள் மறைத்துவைத்த திருமேனிகள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் வயல் உழும்போதும் நம் நாட்டில் வெளிப்பட்ட செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

அந்த அப்போலோ, பெரும்பாலோர் கருத்துப்படி கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. இந்த அளவில் உள்ளீடற்றதாக வார்க்கப்பட்டு முழுமையாகக் கிடைத்த கிரேக்க வெண்கலச் சிலைகளுள் மிகப் பழையது என்று பொதுவாக மதிக்கப்படுகிறது. சோழர் காலத் திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு முக்கியமான பாடம். நம் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, உள்ளே மண்கரு வைக்காமல் முழுக்கனமாக வார்த்தார்கள். கிரேக்கர்கள் ஆளுயரச் சிலைகளை உள்ளே கூடாக வைத்து மெல்லிய சுவராக வார்த்தார்கள். சிலையின் பக்கவாட்டில் நின்று, நீட்டிய வலக்கையின் விரல்களையும், தோளில் இறங்கும் சடைகளையும் நிதானமாகப் பாருங்கள். கல்லில் இப்படிக் கையை முன்னால் நீட்டினால் முறிந்துவிடும். உலோகம் என்பதால்தான் சிற்பிக்கு அந்தத் துணிவு வந்திருக்கிறது. இந்த அறைக்கு மட்டுமே ஒரு மணி நேரம் கொடுக்கலாம். மற்ற அறைகளில் கல்லறைக் கற்கள் ஏராளம்; அவற்றைப் பொறுமையுள்ளவர்கள் பார்க்கலாம்.

கிரேக்கத்தின் தெற்கே உள்ள தீபகற்பமான பெலோப்பொனீசுப் பக்கம் போகிறவர்கள் நாஃப்லியோவில் தங்குவது வசதி. 1834 வரை புதிய கிரேக்க அரசின் தலைநகராக இருந்த, கடலோரத்து அழகான ஊர். அருங்காட்சியகம் ஊரின் நடுச் சதுக்கத்தில், வெனிசியர்கள் 1713இல் கடற்படைக் கிடங்காகக் கட்டிய கனத்த கல் கட்டடத்தில் இருக்கிறது. உதயகிரிக் கோட்டையும் வட்டக்கோட்டையும் உள்ள மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தச் சுவர்களின் பருமனே ஒரு காட்சி. இங்கே வருவதற்கு ஒரே ஒரு பொருள் போதும்: 1960இல் தெந்திரா என்னும் சிற்றூரின் கல்லறை ஒன்றில் கிடைத்த வெண்கலப் போர்க்கவசம். கி.மு. 15ஆம் நூற்றாண்டு. கழுத்தைச் சுற்றி உயர்ந்த பட்டை, மார்புக்கும் முதுகுக்கும் வளைந்த தகடுகள், தோள்களுக்குத் தனி உறைகள், இடுப்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் வளையத் தகடுகள். அதனோடு காட்டுப்பன்றியின் தந்தங்களை அறுத்து வரிசையாகத் தைத்த தலைக்கவசம்.

கண்ணாடிக்கு அருகே குனிந்தால் தகடுகளின் விளிம்பை ஒட்டி வரிசையாகச் சிறு துளைகள் தெரியும். தோல் வார்களைக் கோத்துத் தகடுகளைப் பிணைத்ததும் உள்ளே மெத்துத் துணியைத் தைத்ததும் இந்தத் துளைகளின் வழியாகத்தான். இவ்வளவு கனமான கவசத்தை அணிந்துகொண்டு போரிட முடியுமா, இது சடங்குக்கு மட்டும்தானா என்று நீண்ட நாள் விவாதம் இருந்தது. 2024இல் தெசாலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். கிரேக்க மரைன் படைப்பிரிவு வீரர்கள் 13 பேருக்கு இதன் நகலை அணிவித்து, 11 மணி நேரம் போர்ப் பயிற்சி செய்யவைத்து, இதை அணிந்து போரிட முடியும் என்று காட்டினார்கள். அந்தச் செய்தியை அறிந்துகொண்டு போனால் கவசம் வெறும் உலோகமாகத் தெரியாது. அதே கட்டடத்தில் திரின்ஸ் ஊரிலிருந்து வந்த, கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய மண்முகமூடிகளும் இருக்கின்றன. தெருக்கூத்தின் முகங்களை விரும்புகிறவர்கள் அவற்றைத் தவறவிட வேண்டாம்.

நாஃப்லியோவிலிருந்து காரில் போனால் நெமியாவை எட்டலாம். ஒலிம்பியாவைப் போலவே பண்டைக் கிரேக்கர் எல்லோரும் கூடி விளையாட்டுப் போட்டி நடத்திய நான்கு இடங்களுள் இது ஒன்று. ஒஃபெல்தீஸ் என்னும் கைக்குழந்தையைச் செவிலி கீழே விட்ட நேரத்தில் பாம்பு தீண்டிவிட, அந்தக் குழந்தையின் நினைவாகப் போட்டிகள் தொடங்கின என்பது அவர்களுடைய மரபு. அதனால் நடுவர்கள் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்பு உடுத்தினார்கள். அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது காசுகளின் பகுதி. போட்டியைப் பார்க்க வந்தவர்கள் தவறவிட்ட காசுகளை, அவை அச்சான நகரங்களின்படி பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். எந்தெந்த ஊர்க்காரர்கள் இந்தச் சிறு பள்ளத்தாக்குக்கு வந்தார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது. காட்சிப்படுத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. சிறிது தொலைவில் உள்ள ஓட்டக்களத்துக்குப் போகிற வழியில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கல்லால் கட்டிய வளைவுச் சுரங்கம் இருக்கிறது; தங்கள் முறைக்காகக் காத்திருந்த வீரர்கள் சுவரில் கீறிவைத்த பெயர்களை இன்றும் தடவிப் பார்க்கும் தொலைவில் காணலாம், தடவத்தான் கூடாது.

நெமியாவில் இன்னொரு கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்து ஊரான ஐடோனியாவின் கல்லறைகளைத் திருடர்கள் 1970களில் சூறையாடிவிட்டார்கள். 1993இல், வெண்கலக் காலத்தின் பிற்பகுதியான மைசீனியக் காலத்துத் தங்க நகைகள் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தன. திருடர்கள் கண்ணில் படாமல் ஒரு கல்லறைக் குழியில் தப்பியிருந்த நகைகளை ஆய்வாளர்கள் முன்பே எடுத்திருந்தார்கள்; அவையும் விற்பனைக்கு வந்தவையும் ஒத்திருந்ததால் உரிமை நிலைநாட்டப்பட்டு, 1996இல் நகைகள் கிரேக்கத்துக்குத் திரும்பின. இன்று அவை தோண்டியெடுத்த மண்ணுக்கு அருகிலேயே இருக்கின்றன. பத்தூர் நடராசர் லண்டனிலிருந்து 1991இலும், ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இலும் மீண்டு வந்ததை நாம் கொண்டாடினோம். ஆனால் மீட்டுக் கொண்டுவந்த திருமேனிகள் பல, பாதுகாப்புக் காரணத்தால் மக்கள் பார்வைக்கு எட்டாத அறைகளில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் வந்து பார்க்கும்படி, காவலோடும் விளக்கப் பலகையோடும் அந்தந்த வட்டாரத்திலேயே வைக்க முடியும் என்பதற்கு நெமியா சான்றாக இருக்கிறது. நம் தொல்லியல் துறையில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த ஒரு பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

மராத்தான் அருங்காட்சியகம் சுமார்தான். கி.மு. 490இல் பாரசீகர்களோடு நடந்த போரில் இறந்த 192 ஏதென்ஸ் வீரர்களைப் புதைத்த மண்மேடுதான் அங்கே நெஞ்சைத் தொடுகிறது, அது வேறொரு வளாகம். தீவா என்று இன்று அழைக்கப்படும் தீப்ஸ் நகரின் அருங்காட்சியகம் 2016இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. நான் பார்த்தவற்றுள் விளக்கப் பலகைகள் இங்கேதான் மிகச் சிறந்தவை. தனக்ராவில் கிடைத்த மண் பேழைகளில் பெண்கள் இரு கைகளையும் தலையில் வைத்து ஒப்பாரி வைக்கும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. நம் ஊர் இழவு வீட்டில் பெண்கள் கூடி அழுவதைக் கண்டவர்கள் அந்தக் கைகளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அதே அருங்காட்சியகத்தில் லாபிஸ் லசூலி என்னும் நீல நிறக் கல்லில் செதுக்கிய மேற்காசிய உருளை முத்திரைகளும் இருக்கின்றன. ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த கல் கிரேக்க அரண்மனைக்குள் கிடந்திருக்கிறது.

இனி குறைகள். பேருந்துகள் குறைவு, திரும்பி வரும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் உணவகம் கிடையாது, குடிநீரும் தின்பண்டமும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஊழியர் பற்றாக்குறையால் ஓர் ஊரில் ஒரு கூடம் முழுவதும் பூட்டியிருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகுதான் அதைச் சொன்னார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. சில இடங்களில் விளக்கக் குறிப்புகள் படித்தவர்களுக்காகப் படித்தவர்கள் எழுதியவை; பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் முன்கூட்டியே கதைகளைச் சொல்லிவைப்பது நல்லது. ஃபிளாஷ் ஒளி இல்லாமல் படம் எடுக்கலாம், ஆனால் சிலையின் பக்கத்தில் நின்று, அதைப்போல் கையை வைத்துக்கொண்டு படம் எடுத்தால் காவலர்கள் உடனே தடுப்பார்கள். அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. கார் ஓட்டுகிறவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும், அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

சூலை, ஆகத்து மாதங்களில் வெயில் நம்மையே வாட்டிவிடும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் தகுந்த காலம். நுழைவுக் கட்டணம் அக்ரோபோலிஸை ஒப்பிட்டால் மிகக் குறைவு. பல சிறிய அருங்காட்சியகங்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை; பிற்பகல் மூன்றரை மணிக்கே மூடிவிடுகிறவையும் உண்டு, ஆதலால் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பது உத்தமம். ஏப்ரல் 18, மே 18, அக்டோபர் 28 ஆகிய நாட்களிலும், நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த நாட்களில் அக்ரோபோலிஸில் வரிசை நீளும் என்பதால், விராவ்ரோனாவையோ நெமியாவையோ அன்றைக்கு வைத்துக்கொண்டு, ஏதென்ஸை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.